மேட்டுக்கொல்லையில் காட்டாமணக்கு

பெரிய காஞ்சிபுரம்
18.1.2006

பஹ்ரைன் தீவில் சிமெண்டு மூட்டைகளுக்கும் இரும்புக் கம்பிகளுக்கும் அதிபதியாய், கிடங்குச் சாவியையே செங்கோலாய்ப் பிடித்து வீற்றிருக்கும் என் அக்காள் மகன், மாப்பிள்ளை சிவராஜுக்குத் தாய்மாமன் கைலாசம் எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே அனைவரும் சுகம். உன் உடம்பு எப்படி? அந்த ஊர் வெயிலில் காக்காயே வெளுத்துவிடுமாமே, நீயாவது பழைய நிறத்தில் இருக்கிறாயா?

போனில் பேசினால் என்ன என்கிறாய். போனில் நிமிஷக் கணக்கு. என் ஒரு வாக்கியம் மூச்சு வாங்கி முடியவே மூன்று நிமிஷம் ஆகும்.

பொங்கலுக்குக் கூரம் போயிருந்தேன். உன் அம்மா தில்லையம்மாள் மூன்று மாட்டுக்கும் கன்றுக்கும் கொம்பில் வர்ணம் பூசி, என் வேட்டியிலும் பாதியைப் பூசிவிட்டாள். அன்றுதான் மாப்பிள்ளை, உன் வாழ்க்கை திரும்பிய நாள். ஸுதர்சன் என்று ஒரு கம்பெனிக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். காட்டாமணக்கு பயிரிட நிலம் தேடுகிறாராம். வேலியோரம் நிற்குமே, அதே செடிதான். அதன் கொட்டையில் இருந்து டீசல்! இன்னும் ஐந்து வருஷத்தில் உன் ஷேக்குகள் எல்லாம் கையில் கேனோடு காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நிற்பார்கள். நான் பார்த்து ஆளுக்கு ஒரு லிட்டர் ஊற்றுவேன்.

"இந்த மேட்டு நிலத்துல என்ன சார் விளையும்?" என்று உன் கொல்லையைக் காட்டிக் கேட்டார்.

சும்மா இருப்பேனா? "இன்னா சார் கேட்டுட்டீங்க! இதுக்கு மேல பறக்கற காக்கா கட்டுச்சோறு கட்டிக்கினுதான் பறக்கும். போன வருசம் ஒரு ஓணான் பட்டினி தாங்காம தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டுது" என்றேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே படிவத்தில் 'பயனற்ற தரிசு' என்று எழுதினார். பக்கத்திலே ஊர் மாடு மேய்கிற புறம்போக்கைக் காட்டி, "அது இதுக்கு அண்ணன் சார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா அதே கொல்லையில் இருந்து தலையில் ஒரு கட்டுப் புல்லோடு வருகிறாள்! ஸுதர்சன் என்னைப் பார்த்தார். "சார், அது பக்கத்து ஊருப் புல்லு. நம்ம ஊர சுத்திப் பாக்க வந்துது" என்றேன்.

பட்டா உன் பேரில் இருக்கிறது. முப்பது வருஷக் குத்தகைக்கு என் பேரில் ஒரு பவர் எழுதி அனுப்பினால், மீதியை இந்த மாமன் பார்த்துக்கொள்வேன். உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு,
பட்டுக்கும் டீசலுக்கும் ஒருங்கே சக்கரவர்த்தியான
கைலாசம்

*

மனாமா, பஹ்ரைன்
9.2.2006

அன்புள்ள மாமாவுக்கு சிவராஜ் வணக்கம். நான் நல்லா இருக்கேன். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?

உங்க லெட்டர் வந்தா எங்க ரூம்ல அன்னிக்கு டிவி கிடையாது. ஆறு பேரும் சுத்தி உக்காந்துப்பாங்க, நான் படிப்பேன். ஓணான் மனு போட்ட இடத்துல பக்கத்துக் கட்டில் ஆந்திராக்காரர் தமிழே புரியாம சிரிச்சார். அப்பா இருக்கும்போது சொல்லுவாரே, "கைலாசம் சொன்னா பத்தால வகுத்துக்கோ"ன்னு, அதையும் ரூம்ல சொல்லிட்டேன். இப்ப எல்லாரும் உங்க லெட்டரைப் பத்தால வகுத்துக்கிட்டே கேக்கறாங்க.

வகுத்துப் பார்த்தேன் மாமா. பத்துல ஒண்ணு தரிசுன்னாலும் தரிசுதானே. நான் ஊரை விட்டு வந்து ஏழு வருஷம் ஆச்சு, கொல்லை எப்படி இருந்துதுன்னே சரியா ஞாபகம் இல்ல. ஆனா அம்மா மாடு எங்க மேயும்? அம்மா என்ன சொல்றாங்க? அதை மட்டும் ஜரிகை போடாம எழுதுங்க.

அன்புடன்,
சிவராஜ்

*

பெரிய காஞ்சிபுரம்
27.2.2006

கடல் கடந்தும் கேள்வி கேட்கும் வழக்கறிஞர் மாப்பிள்ளை சிவராஜுக்கு மாமன் ஆசி. அத்தையின் முழங்கால் இப்போது வானிலை அறிக்கை வாசிக்கிறது. மழைக்கு இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. மற்றபடி சுகம்.

ஜரிகை இல்லாமல் எழுத வேண்டுமாம்! காஞ்சிபுரத்தான் கையில் வெறும் பருத்தியைக் கொடுக்கிறாய். சரி, கேள். நேற்றுக் கூரம் போனேன். உன் அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"மாடு எங்கடா மேயும், கைலாசம்?"

"அக்கா, மேய்ச்சலே வேணாங்கறேன். எண்ணெய் ஆட்டின பின்னாடி புண்ணாக்கு வரும். கம்பெனியே மூட்ட மூட்டையா குடுப்பான். அத தின்னா நீ கறக்க வேணாம். மாடே குடத்தண்ட வந்து நின்னுக்கும்."

"காட்டாமணக்க ஆடுகூட மோந்து பாக்காதேடா."

"அது நம்ம ஊரு செடி. இது வெளிநாட்டு ஜாதி. விஷத்த எடுத்துட்டு செஞ்சுக்கீறான்."

அடுத்த காம்புக்குக் கையை மாற்றினாள். அப்புறம், "நீ சொன்னா சரிதான்" என்றாள்.

மாப்பிள்ளை, உன் அப்பா வகுத்தார், நீ வகுக்கிறாய், உன் அத்தை நூறால் வகுக்கிறாள். உன் அம்மாவுக்கு மட்டும் வகுத்தல் தெரியாது. எனக்கு ஆறு வயதில், பாலாற்றில் திமிங்கலம் வந்திருக்கிறது என்றேன். இடுப்பில் என்னைத் தூக்கிக்கொண்டு செவிலிமேடு வரை நடந்தாள். ஆற்றில் முழங்கால் தண்ணீர். "நாம வர்றதுக்குள்ள போயிடுச்சு போலக்குது" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அப்படிப்பட்டவள் சரி என்ற பிறகு உனக்கென்ன?

காரம் குறைத்துச் சாப்பிடு.

இப்படிக்கு,
ஜரிகை நீக்கிய, ஆனாலும் மின்னுகிற
கைலாசம்

*

மனாமா
20.3.2006

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். இங்க ரூம்ல எல்லாருக்கும் ஜுரம் வந்து போச்சு, இப்ப நல்லா இருக்கோம்.

எம்பஸியில போய் பவர் கையெழுத்து போட்டுட்டேன். இதோட வெச்சிருக்கேன். அம்மாவே சரின்னு சொன்ன பிறகு நான் யார்? மாட்டை மட்டும் பார்த்துக்கோங்க மாமா. அதுங்கதான் அம்மாவுக்குப் பேச்சுத்துணை.

திமிங்கலக் கதை சூப்பர். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க.

அன்புடன்,
சிவராஜ்

*

பெரிய காஞ்சிபுரம்
30.5.2006

பசுமைப் புரட்சியின் பங்காளியாகிவிட்ட மாப்பிள்ளைக்கு ஆசி பல. சுகமா? இங்கே அக்கினி வெயிலில் தறிக்குழிக்குள் காலை விட்டால் வெந்நீர் ஒத்தடம்.

நடவு முடிந்தது! ஜேசிபி வந்து மேட்டுக்கொல்லையை ஒரே நாளில் சீவிவிட்டது. அந்தப் பெரிய வேப்பமரம் விழும்போது நில நடுக்கம் என்று ஜப்பானில் பதிவானதாகக் கேள்வி. சுற்றிலும் முள்கம்பி, இரும்பு கேட், ஒரு காவல்காரன். புறம்போக்கையும் சேர்த்து வளைத்துவிட்டார்கள். ஊரார் போய்க் கேட்டதற்கு, "உங்க ஊர் பெரியவரே தரிசுன்னு சொல்லியிருக்காரே" என்று என் பேர் எழுதிய தாளைக் காட்டினாராம் ஸுதர்சன். பார்த்தாயா, மாமன் வாக்கு சாசனம்! கூரத்தில் பல்லவன் செப்பேடு கிடைத்ததே, அதற்கு அடுத்தது என் படிவம்தான்.

ஆடு மேய்க்கும் வீரபத்திரன் மட்டும் என்னைக் கண்டால் காறித் துப்புகிறான். இருபது ஆட்டையும் விற்றுவிட்டானாம். நல்லதுதான், இனி அவன் மேல் ஆட்டு நாற்றம் வராது.

உன் அம்மாவின் மாடுகள் கொஞ்சம் இளைத்திருக்கின்றன. சினிமாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அக்காவும் சேர்ந்து இளைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
கம்பெனியின் கௌரவ ஆலோசகர் (தொப்பி கொடுத்திருக்கிறார்கள்)
கைலாசம்

*

கூரம்
4.8.2006

அன்பு மகன் சிவராசுக்கு அம்மா தில்லையம்மாள் சொல்லி, பால் சொசைட்டி கமலவேணி எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா கண்ணு? ராத்திரி நேரத்துக்குத் தூங்கறியா?

கொல்லையில் கேட் போட்டுட்டாங்க. மேய்ச்சல் இடத்திலயும் போட்டுட்டாங்க. மாட்டை ஏரிக்கரைக்கும் ரோட்டோரத்துக்கும் ஓட்டிக்கினு போறேன். அங்க ஊர் மாடெல்லாம் வருது, புல் இல்ல. மாட்டுல பெரியவ பால் மறந்துட்டா. மயிலைக்கு விலா எலும்பு தெரியுது. வைக்கோல் வாங்கி எத்தினி நாளைக்குப் போட முடியும்? கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு கத்துதுங்க. காவல்காரன் கல்லால அடிக்கிறான்.

உன் மாமன் புண்ணாக்கு வரும் பொறுன்னு சொல்றான். வரும். அவன் என்னாண்ட பொய் சொன்னதில்ல. ஆனா அதுவரைக்கும் ஒரு மூலையாவது திறந்துவிடச் சொல்லி நீ ஒரு கடுதாசி போடு. நிலம் உன் பேர்லதானே இருக்குது.

வயித்துக்கு நல்லா சாப்பிடு.

அம்மா
(தம்பி, அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன். நேரில் பார்த்தால் இதைவிட மோசம். கமலவேணி)

*

மனாமா
28.8.2006

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். அத்தை, நீங்க எல்லாரும் சௌக்கியமா? நான் சௌக்கியம்.

அம்மா லெட்டர் போட்டிருக்காங்க. மாடு கேட்டுக்கு வெளிய நின்னு கத்துதாம், விலா எலும்பு தெரியுதாம். படிச்சதும் பக்குனு ஆச்சு. அப்புறம் ரூம்ல ஒருத்தர் கேட்டார், "உங்க மாமாவும் அம்மாவும் ஒரே வயித்துப் பிள்ளைங்கதானே?"ன்னு. எல்லாரும் சிரிச்சுட்டோம். அம்மாவுக்கும் உங்க கை வந்துடுச்சு போல. வகுத்துப் பார்த்தா, ஒரு மாடு ஒருவேளை சரியா சாப்பிடல, அவ்வளவுதான?

இருந்தாலும் ஒரு தடவை போய்ப் பாருங்க. புண்ணாக்கு எப்ப வரும்? ரெண்டு மாசமா உங்க லெட்டர் இல்லாம ரூமே டல்லா இருக்கு.

அன்புடன்,
சிவராஜ்

*

பெரிய காஞ்சிபுரம்
6.10.2006

ஐயம் என்னும் இருளில் தவிக்கும் மாப்பிள்ளை சிவராஜுக்கு, விளக்கேந்திய மாமன் ஆசி. அனைவரும் நலம்.

கண்டேன் புண்ணாக்கை! கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிற கம்பெனி ஆலையில் இருந்து லாரி வந்தது. ஸுதர்சன், "இது செடிக்கு எரு சார், உரமாகப் போடலாம்" என்றார். எனக்கா சொல்லித் தருகிறார்? எரு என்பது செடிக்குச் சோறு. செடிக்கு ஆகிற சோறு மாட்டுக்கு ஏன் ஆகாது? ஒரு மூட்டையைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் வைத்து, தொப்பியும் போட்டுக்கொண்டு கூரம் வரை ஊர்வலமாகப் போனேன். யானை ஒன்றுதான் குறை. மூட்டை மேல் சிவப்பு மசியில் இங்கிலீஷில் ஏதோ அடித்திருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் வராது. எழுத்தின் பருமனைப் பார்த்தால் முதல் தரச் சரக்கு என்று தெரிகிறது.

உன் அம்மா வாசலுக்கே ஓடி வந்தாள். மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சொன்னேன் இல்ல கமலவேணி, என் தம்பி கொண்ணாருவான்னு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். அந்த அம்மாள் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே, பழைய மோர் குடித்தவள் மாதிரி.

திங்கட்கிழமை நல்ல நாள். அன்று ஊறவைத்துக் கொடுக்கப் போகிறாள். செவ்வாய்க்கிழமை கூரத்தில் பால் வெள்ளம். உன் கட்டில் நனைந்தால் என்னைக் கேட்காதே.

இப்படிக்கு,
பசுக்களின் குபேரன்
கைலாசம்

*

காஞ்சிபுரம்
14.10.2006

சிவராஜுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் அம்மா உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மாடுகள் இறந்துவிட்டன. மூன்றும், கன்றும்.

திங்கட்கிழமை சாயங்காலம் தொட்டியில் புண்ணாக்கு வைத்தாள். மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. அந்தப் பசியிலும் தொடவில்லை. அக்கா வெல்லம் கரைத்து ஊற்றினாள். தாடையைத் தடவிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் உருண்டை பிடித்துக் கையால் ஊட்டினாள். நான் சொன்னதால் ஊட்டினாள்.

செவ்வாய் காலையில் கழிச்சல் கண்டது. மாட்டு டாக்டர் வந்தார். மூட்டையைப் புரட்டி அந்தச் சிவப்பு எழுத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினார். கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறதாம். புதன் காலையில் கன்று. மத்தியானம் செவலையும் மயிலையும். பெரியவள் வியாழக்கிழமை வரை கிடந்தாள். அக்கா அவள் தலையை மடியில் வைத்திருந்தாள்.

புதைக்க மேட்டுக்கொல்லையில் இடம் கேட்டோம். கேட்டைத் திறக்கவில்லை. வேலிக்கு வெளியே ரோட்டோரம் குழி எடுத்தோம். வீரபத்திரன் வந்து தோண்டினான். என்னை மண்வெட்டி தொட விடவில்லை.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை.

நீ புறப்பட்டு வா. குத்தகையை ரத்து செய்ய வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலமாவது அவளுக்குத் திரும்பி வரட்டும். நீ வந்து கேட்டால்தான் நடக்கும்.

இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

கைலாசம்

*

மனாமா
2.11.2006

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். தீபாவளி நல்லபடியா ஆச்சா? இங்க பிரியாணி, நல்ல கூத்து.

மாமா, உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல! இத்தனை வருஷம் கூட்டிக் கூட்டிச் சிரிக்க வெச்சீங்க. இந்தத் தடவை குறைச்சு எழுதியே கவுத்துட்டீங்க. "இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை"ன்னு கடைசி வரி போட்டீங்க பாருங்க, அங்கதான் ரூமே விழுந்து விழுந்து சிரிச்சுது. வெல்லம் கரைச்சு ஊட்டின இடத்துல ஆந்திராக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார், இப்பல்லாம் அவருக்குத் தமிழ் புரியுது. எல்லாரும் கணக்குப் போட்டோம். மூணு மாடு, ஒரு கன்னு, மொத்தம் நாலு. பத்தால வகுத்தா அரை மாடுகூட வரல. யாராவது வாலை மிதிச்சுட்டாங்களா மாமா?

இப்ப நல்ல விஷயம். ஸுதர்சன் சார் எனக்கே நேரா எழுதியிருந்தார். குத்தகை வேண்டாம், நிலத்தையே வாங்கிக்கறோம்னு. ஒத்துக்கிட்டேன். போன வாரம் எம்பஸியில கையெழுத்தும் போட்டு அனுப்பிட்டேன். செவிலிமேட்டுல ஒரு மனை பார்த்து வெச்சிருக்கேன். மாடி வீடு கட்டி அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம். சாணி வேண்டாம், புல்லு வேண்டாம், நிம்மதியா டிவி பார்த்துட்டு இருக்கட்டும். பொங்கலுக்கு வர லீவு கிடைக்கல. அடுத்த வருஷம் பார்ப்போம்.

இந்த லெட்டரை அம்மாவுக்கு நீங்களே படிச்சுக் காட்டுங்க. கமலவேணி அக்கா படிச்சா கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கும். நீங்க படிச்சாத்தான் அம்மா சிரிப்பாங்க.

அன்புடன்,
சிவராஜ்

*

காஞ்சிபுரம்
25.11.2006

சிவராஜுக்கு மாமன் எழுதுவது. மழை பெய்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி. நீ சுகமாக இருப்பாய்.

நீ சொன்னபடி கூரம் போய் உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரி சேர்க்கவில்லை, ஒரு வரி விடவில்லை. வாலை மிதித்தார்களா என்பதையும் படித்தேன். நிலத்தை விற்றதையும் படித்தேன்.

காலியான தொழுவத்தில் முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"கைலாசம், இது அவன் எழுதினதா, நீ சேத்ததா?"

ஐம்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவள் முகத்தைப் பார்த்தேன். "நான் சேத்ததுதான்க்கா" என்றேன்.

பக்கத்தில் கிடந்த பழைய சாணிக்கூடையை என் மேல் விட்டெறிந்தாள். "பாவி, எம் புள்ள பேர்லயாடா இதெல்லாம் எழுதுவ? அவன் மாடுன்னா உசுர விடுவானே! எழுந்திரு. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். திட்டினாள் அல்லவா, கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

இப்போது தினமும் காலையில் கேட்டண்டை போய் நிற்கிறாளாம். கமலவேணி சொன்னார். "எம் புள்ள பேர்ல இருக்கற நெலம் இது. அவன் வந்து ஒரு செடி விடாம புடுங்கிப் போடப் போறான், பாரு" என்று காவல்காரனிடம் சொல்கிறாளாம். அவன் சிரிக்கிறானாம். மாடு கட்டுகிற கயிறு நாலையும் துவைத்துக் காயப்போட்டு வைத்திருக்கிறாளாம்.

என்றைக்காவது நீ வந்தால் ஒரு உபகாரம் செய். அந்தக் கடிதத்தை நீ எழுதவில்லை என்று சொல்லிவிடு. மாமன்தான் எழுதினான் என்று சொல். நம்புவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை அறையில் படிக்காதே.

கைலாசம்